காலியாகாத ஷெட்டுகள்

பீன்யா வரலாறு – பகுதி 17

விடிய விடிய நடக்கும் ரேவ் நடன இரவுகள் உலகில் எங்கெங்கே வேர்பிடித்தன என்று பார்த்தால், பெரும்பாலானவை ஆலை ஊர்கள். கார் செய்த டெட்ராய்ட், பஞ்சாலைகளால் வளர்ந்த மான்செஸ்டர், வேட்டித்துணி நெய்த பிளாக்பர்ன், சுவர் விழுந்தபின் கிழக்குப் பகுதியின் ஆலைகளை இழந்த பெர்லின். கோவாவின் அஞ்சுனா கடற்கரையைப் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் மின்னணு இசையின் அடியொலியை ஒரு நகரமே தன் ஒலியாக ஏற்றுக்கொண்ட இடங்கள் பெரும்பாலும் தொழிற்சாலைகளின் ஊர்களே. அந்தக் கணக்குப்படி பெங்களூரில் இது நடந்திருக்க வேண்டிய இடம் பீன்யா தொழிற்பேட்டை. உயரமான கூரை, தூண் குறுக்கிடாத தளம், இழுத்து மூடும் ஷட்டர், லாரி வந்து நிற்கும் அளவுக்கு வாசல், மூன்று ஃபேஸ் மின்சாரம், மைல் கணக்கில் நீளும் ஷெட்டுகளின் வரிசை. நடன இரவுக்கு ஒரு கட்டடத்தில் என்னென்ன வேண்டுமோ எல்லாம் இங்கே இருக்கிறது. ஆனாலும் பெங்களூரின் நடன வரலாற்றில் நினைவில் நிற்கும் இரவுகள் எம்.ஜி. ரோட்டிலும் இந்திராநகரிலும் நகரத்துக்கு வெளியே பண்ணை வீடுகளிலும்தான் நடந்தன. பீன்யா அந்தக் கதையில் இடம்பெறவே இல்லை. அது ஏன் என்று கேட்டால், பீன்யாவைப் பற்றியும் தெரிந்துகொள்ளலாம், பெங்களூரின் இரவைப் பற்றியும் தெரிந்துகொள்ளலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேவ் என்பது செல்வச் செழிப்பிலோ ஒழுக்கக் கேட்டிலோ பிறந்த பழக்கம் என்று நாம் நினைக்கிறோம். சான்றுகளோ அது யாருக்கும் வேண்டாமல் போன கட்டடங்களில் பிறந்தது என்று காட்டுகின்றன. பீன்யாவின் கட்டடங்கள் ஒருநாளும் வேண்டாமல் போகவில்லை.

பிளாக்பர்னிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், அந்த ஊரின் கதையில் நமக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில் இருக்கும் அந்த ஊரின் தறிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெருமளவு நெய்தது இந்தியச் சந்தைக்கான வேட்டித்துணி. முதல் உலகப் போருக்குப் பிறகு பம்பாய், அகமதாபாத் ஆலைகள் வளர்ந்தன. ஜப்பான் துணி விலையைக் குறைத்தது. அந்நியத் துணி மறுப்பும் சேர்ந்துகொண்டது. 1931 செப்டம்பரில் வட்டமேசை மாநாட்டுக்காக இங்கிலாந்து போயிருந்த காந்தி, பிளாக்பர்னை ஒட்டிய டார்வெனில் தங்கி வேலையிழந்த நெசவுத் தொழிலாளர்களிடம் நேரில் பேசினார். அந்த வீழ்ச்சி அத்தோடு முடியவில்லை, மெல்ல மெல்ல அரை நூற்றாண்டுக்கு நீண்டது. 1950களிலும் 60களிலும் மிச்சமிருந்த ஆலைகள் இயந்திரங்களை இரவிலும் ஓட்டிப் பிழைக்கப் பார்த்தன. உள்ளூர்க்காரர்கள் விரும்பாத அந்த நைட் ஷிஃப்டுகளுக்குக் குஜராத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1980களில் அந்த ஷிஃப்டுகளும் நின்றன. ஊர் நிறைய ஆலைகளும் கோடவுன்களும் எஞ்சின, அவற்றை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ ஆளில்லை. அந்த ஊரில் 20 வயது ஆனவர்களுக்கு வேலையும் கிடையாது, போய் உட்கார இடமும் கிடையாது.

1989, 1990 ஆண்டுகளின் சனிக்கிழமை இரவுகள் இந்தச் சூழலில்தான் நடந்தன. இங்கிலாந்தில் அப்போது கிளப்புகள் அதிகாலை 2 மணிக்கு மூடியாக வேண்டும். பிளாக்பர்னின் செட் எண்ட் மதுக்கடையிலும் கிராக்கர்ஸ் கிளப்பிலும் கூடியவர்கள் மூடும் நேரத்துக்கு வெளியே வந்து கார்களில் காத்திருப்பார்கள். அன்றைய இடம் எது என்று சிலருக்கு மட்டும்தான் தெரியும். முதல் கார் கிளம்பியதும் அதன் பின்விளக்கைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அதற்கடுத்தது என்று தொழிற்பேட்டைச் சாலைகளில் ஒரே வரிசையாகக் கார்கள் ஊர்ந்து போகும். போலீஸ் வந்து சேர்வதற்குள் சில ஆயிரம் பேர் உள்ளே போயிருப்பார்கள். அத்தனை பேரை இருட்டில் வெளியேற்றுவது உள்ளே விட்டுவைப்பதைவிட ஆபத்து என்று போலீசும் பல வாரம் ஒதுங்கி நின்றது. வெள்ளைக்கார இளைஞரும் கறுப்பின இளைஞரும் ஆசிய இளைஞரும் பொதுவாக ஒரே கூரையின்கீழ் கலக்காத ஊர்களில், கலந்த இடம் அதுவாக இருந்தது. 1990 பிப்ரவரி 24 அன்று பக்கத்து ஊரான நெல்சனில், லோம்ஷே தொழிற்பேட்டைக் கோடவுன் ஒன்றில் 10,000 பேர் வரை திரண்டபோது கலவரத் தடுப்புப் படை உள்ளே புகுந்து கலைத்தது. அந்த இரவோடு கிழக்கு லங்காஷயரின் பெரிய இரவுகள் முடிந்தன. அதே ஆண்டு ஜூலையில் லீட்ஸ் அருகே கில்டர்சமில் நடந்த சோதனையில் 836 பேர் கைதானார்கள். அனுமதியின்றிக் கேளிக்கை நடத்தினால் 20,000 பவுண்டு வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் என்று 1990இலேயே சட்டம் வந்துவிட்டது. 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுவெளியில் ஒரு வாரம் நீடித்த கூட்டத்துக்குப் பிறகு, 1994ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத்தை இரவில் திறந்தவெளியில் 100 பேர் கூடிக் கேட்பதையே கலைக்கத்தக்க கூட்டம் என்று அது வரையறுத்தது.

இந்த வரிசையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது எது முந்தியது, எது பிந்தியது என்பதை. இங்கிலாந்தில் முதலில் ஆலைகள் காலியாயின, பிறகு இரவுகள் வந்தன, கடைசியாகத்தான் சட்டம் வந்தது. 2 மணிக்கு மூட வேண்டும் என்ற கண்டிப்பு அந்த இரவுகளைத் தடுக்கவில்லை. கூட்டத்தைக் கிளப்பிலிருந்து கோடவுனுக்கு நகர்த்தியதே அந்தக் கண்டிப்புதான். கோடவுன் காலியாக இருந்ததால் நகர முடிந்தது.

டெட்ராய்டிலும் இதே ஒழுங்கைக் காணலாம். 1950இல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் அது. 1990இல் 10.3 லட்சமாகச் சுருங்கிவிட்டது. டெக்னோ இசையை உருவாக்கிய ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூன்று கறுப்பின இளைஞர்களும் அந்தச் சுருக்கத்தின் காலத்தில் அந்த நகரத்துக்கு அருகே வளர்ந்தவர்கள். 1956லேயே கார் உற்பத்தி நின்றுபோன பாக்கார்டு ஆலையின் இடிபாடுகளுக்குள் 1990களில் டெக்னோ இரவுகள் நடந்தன. பெர்லினில் 1991 மார்ச்சில் திறந்த ட்ரெசார் கிளப், வெர்தைம் என்ற பழைய பேரங்காடியின் நிலத்தடிப் பெட்டக அறையில் இயங்கியது. நாஜிகள் யூத உரிமையாளர்களிடமிருந்து பறித்த சொத்து அது. சுவர் விழுந்தபின் கிழக்கு பெர்லினில் இப்படி யாருடையது என்றே தெளிவாகாத கட்டடங்கள் ஏராளம். பெர்லினைச் சுட்டிக்காட்டி ஒருவர் என் வாதத்தை மறுக்கலாம். மேற்கு பெர்லினில் 1949லேயே இரவு மூடும் நேரம் ரத்தாகிவிட்டது, ஆகவே அங்கே காரியம் செய்தது சட்டத்தின் தாராளம்தான், காலிக் கட்டடங்கள் இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் 1949க்கும் 1989க்கும் இடைப்பட்ட 40 ஆண்டுகளில் அது ஏன் நடக்கவில்லை? மூடும் நேரம் இல்லாத நகரத்தில் மதுக்கடைகள் விடியும்வரை திறந்திருந்தன, அவ்வளவுதான். கிழக்கில் கட்டடங்கள் கைவிடப்பட்ட பிறகே அவை டெக்னோவின் இடமாயின. தாராளச் சட்டம் அந்த இரவுகளை நீடிக்கச் செய்தது என்பதை மறுக்க மாட்டேன். 2024 மார்ச்சில் ஜெர்மனி பெர்லின் டெக்னோவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்ததற்கும் அந்தத் தாராளம் உதவியிருக்கிறது.

நம் நாட்டில் ஆலைகள் ஒட்டுமொத்தமாகச் சரிந்த நகரம் பம்பாய். 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2.5 லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பல ஆலைகள் அதற்குப் பிறகு சரியாகத் திறக்கவேயில்லை. கட்டடம் காலியானால் போதும் என்றால், அந்த நகரத்தின் ஆலைப் பகுதியான லோயர் பரேல் இந்தியாவின் பிளாக்பர்ன் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அங்கே வந்தது வேறு. ஃபீனிக்ஸ் மில் வளாகத்தில் ஃபயர் அண்ட் ஐஸ் என்ற ஆடம்பர கிளப், மதுராதாஸ் மில் வளாகத்தில் 2007இல் புளூ ஃப்ராக். இசை தரமாகவே இருந்தது, நுழைவுக் கட்டணமும் அதற்கேற்ப இருந்தது. ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. ஆகவே என் வாதத்தை இங்கே கூர்மையாக்க வேண்டியிருக்கிறது. காலியாவது மட்டும் போதாது, மலிவாகவும் ஆக வேண்டும். பிளாக்பர்ன் கோடவுனை எந்த வங்கியும் ஈடாக ஏற்றிருக்காது. லோயர் பரேல் ஆலை நின்ற மறுநாளே அந்த நிலத்தின் விலை ஆலையின் விலையை மிஞ்சிவிட்டது. விலை ஏறிய நிலத்தில் ரேவ் நடக்காது, வியாபாரம் நடக்கும்.

பீன்யாவில் காலியும் இல்லை, மலிவும் இல்லை. 1970களின் பிற்பகுதியில் மாநிலத் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியமான கே.ஐ.ஏ.டி.பி. பிரித்துக் கொடுத்த மனைகளிலும் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான கே.எஸ்.எஸ்.ஐ.டி.சி. கட்டிக் கொடுத்த ஷெட்டுகளிலும் தொடங்கிய பேட்டை இது. ஜாலஹள்ளியின் பொதுத்துறை ஆலைகளான எச்.எம்.டி.க்கும் பி.இ.எல்.லுக்கும் உதிரிப் பாகம் செய்துகொடுத்த ஜாப் ஒர்க் கடைகளாகப் பலவும் ஆரம்பித்தன என்பதை முந்தைய பகுதிகளில் விரிவாகப் பார்த்தோம். ஒரே முதலாளியின் ஒரே ஆலையாக இருந்திருந்தால் அந்த முதலாளி விழுந்ததும் பேட்டை முழுவதும் காலியாகியிருக்கும். சில பெரிய முதலாளிகளை நம்பிய டெட்ராய்டுக்கு நேர்ந்தது அதைப் போன்றதுதான். பீன்யா பல ஆயிரம் சிறு உரிமையாளர்களின் ஊர். ஒரு ஷெட்டில் லேத் ஓடும், அடுத்ததில் பவுடர் கோட்டிங், அதற்கடுத்ததில் கார்மென்ட்ஸ். லேத் கடைக்காரர் நொடித்தால் மூன்றே மாதத்தில் அந்த ஷட்டரின் மேல் வேறு பெயர்ப்பலகை தொங்கும். எச்.எம்.டி. தளர்ந்தபோது அதை நம்பியிருந்தவர்கள் காருக்கும் விமானத்துக்கும் பாகம் செய்யத் திரும்பிக்கொண்டார்கள். பீன்யாவின் இரவுக்கும் வேறு சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பத்து மணிக்குச் செகண்ட் ஷிஃப்ட் முடியும், தேர்ட் ஷிஃப்ட் ஏறும். பவர் பிரஸ் இறங்கும் அதிர்வு பக்கத்துத் தெருவின் ஜன்னல் கம்பியில் விடிய விடிய உணரப்படும். இங்கேதான் இஸ்ரோவின் இஸ்ட்ராக் நிலையம், விண்ணிலிருக்கும் கலங்களை இரவு பகல் பாராமல் பின்தொடர்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதைக் கட்டுப்படுத்தியதும் இங்கிருந்துதான். சற்றுத் தள்ளி ராஜகோபால் நகரிலும் லக்கெரேயிலும் தாசரஹள்ளியிலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைக்காரர்களும் வட கர்நாடகத்தாரும் பீகார், ஒடிசாக்காரர்களும் ஒரே அறையில் முறைவைத்துத் தூங்குகிறார்கள். ஓ.டி. முடித்து வந்து படுத்தவனுக்கு அந்த நாலு மணி நேரம்தான் சொந்தம். டெட்ராய்ட் 40 ஆண்டுகளில் 8 லட்சம் பேரை இழந்தது. பெங்களூரு நகர மாவட்டமோ 2001க்கும் 2011க்கும் இடையே 65 லட்சத்திலிருந்து 96 லட்சமானது. இப்படி வீங்கும் ஊரில் ஒரு கோடவுன் அனாதையாகக் கிடக்க வழியே இல்லை.

பீன்யாவை அறிந்தவர்கள் இதற்கு ஒரு மறுப்பு வைத்திருப்பார்கள். 2008ஆம் ஆண்டின் உலகச் சரிவு, 2016இல் பணமதிப்பிழப்பு, 2017இல் ஜி.எஸ்.டி., 2020இல் ஊரடங்கு என்று அடி மேல் அடி விழுந்து எத்தனையோ ஷெட்டுகள் மூடவில்லையா என்று கேட்பார்கள். மூடின. மூடியவர்களின் துயரத்தைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் தொழில் மூடுவது வேறு, கட்டடம் கைவிடப்படுவது வேறு. மூடிய ஷெட்டை இணையவழி வணிகத்தின் கோடவுனாகவும் வாகன ஷோரூமாகவும் வாடகைக்கு எடுக்க ஆள் காத்திருந்தார்கள். 2014 மார்ச் 1 அன்று சம்பிகே ரோட்டிலிருந்து பீன்யா இண்டஸ்ட்ரி வரை மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு துமகூரு ரோட்டின் இருபுறமும் நில விலை இன்னும் ஏறியது. தொழிலாளிக்கு வேலை போயிற்று, உரிமையாளருக்கு வாடகை கூடிற்று. லோயர் பரேலில் பெரிய அளவில் நடந்தது பீன்யாவில் சிறு சிறு துண்டுகளாக நடந்தது.

பீன்யா இடம் கொடுக்காதபோது பெங்களூரின் நடனம் எங்கே போனது? 1980களின் நடுவில் பப்கள் வந்தன, பப் நகரம் என்ற பெயரும் வந்தது. ஆனால் இரவு 11.30க்குக் கடை மூடும் ஊர் அது. நேரம் குறுகினால் நடனம் பகலுக்கு நகரும். 1980களின் இங்கிலாந்தில் இரவில் வெளியே போக வீட்டில் அனுமதியில்லாத ஆசியப் பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டுப் பகல்நேர பாங்க்ரா ஆட்டங்களுக்குப் போனார்கள். பெங்களூரு டிஸ்கோக்களின் பிற்பகல் ஜாம் செஷன்களும் அதே வழியில் வந்தவையே. அப்புறம் 2005 வந்தது. கர்நாடகப் போலீஸ் சட்டம் 1963இன் 31ஆம் பிரிவின்கீழ், பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வழங்கிக் கட்டுப்படுத்தும் ஆணை ஒன்றை நகரக் காவல்துறை பிறப்பித்தது. காபரே, டிஸ்கோ, நேரடி இசைக்குழு மூன்றையும் ஒரே வேலிக்குள் அடைத்தது அந்த ஆணை. 2008இல் அதை முழு வீச்சில் அமல்படுத்தத் தொடங்கியபோது, கிதார் வாசிப்பவருக்கும் டி.ஜே.வுக்கும் சட்டத்தின் கண்ணில் வேறுபாடு இல்லாமல் போயிற்று. மதுக்கடையில் நாற்காலியை விட்டு எழுந்து ஆடினால் உரிமையாளர் மேல் வழக்கு வரும் என்ற நிலை. இசைக்கலைஞர்கள் வீதிக்கு வந்து எதிர்த்தார்கள். 2014 மார்ச்சில் வெள்ளி, சனி இரவுகளுக்கு மட்டும் 1 மணி வரை தளர்வு கிடைத்தது, 2016இல் அது எல்லா நாளுக்கும் ஆனது. 2013இல் இந்திராநகரில் திறந்த தி ஹம்மிங் ட்ரீ போன்ற அரங்குகள் கிடைத்த சில மணி நேரத்துக்குள்ளேயே உள்ளூர் மின்னணு இசைக்கு ஒரு தலைமுறையை உருவாக்கின. பெங்களூரின் நினைவில் நிற்கும் இரவுகளில் பெரும்பகுதி அந்த ஐந்தாறு ஆண்டுகளைச் சேர்ந்தவை என்பது என் கணிப்பு. 2018 ஜனவரியில் 2005 ஆணை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமம் இல்லாத, வாங்கத் தேவையான கட்டடச் சான்றுகளும் இல்லாத பல உணவகங்களில் நேரடி இசை அந்த ஆண்டே நின்றது. 2019இல் தி ஹம்மிங் ட்ரீயும் மூடியது.

ஆக, இங்கிலாந்தின் வரிசை இங்கே தலைகீழானது. அங்கே காலிக் கட்டடம், இரவு, சட்டம் என்று வந்தது. இங்கே காலிக் கட்டடமே இல்லாத ஊரில் சட்டம் முதலில் வந்தது. 1 மணிக்கு மேல் ஆட விரும்பியவர்களுக்குக் கோடவுன் இல்லாததால், நகர எல்லைக்கு அப்பால் ஆனேக்கல்லிலும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அருகிலும் உள்ள பண்ணை வீடுகள்தான் மிஞ்சின. பண்ணை வீட்டுக்குக் கார் வேண்டும், அழைப்பு வேண்டும், பணம் வேண்டும். பிளாக்பர்னில் வேலையில்லாதவர்களின் இரவாக இருந்தது இங்கே வசதியுள்ளவர்களின் இரவாக மாறியது இப்படித்தான். பீன்யாவில் லேத் ஓட்டும் 22 வயது இளைஞனுக்கு இந்த வரலாற்றில் எந்தப் பக்கத்திலும் இடம் கிடைக்கவில்லை. இந்தக் கதையில் எனக்கு உண்மையாகவே வலிக்கும் இடம் இதுதான்.

இதையெல்லாம் ஒரு வார்த்தையில் தள்ளிவிட முடியும்: போதை. அதைச் சொல்பவர்களிடம் சான்றும் இருக்கிறது. 2007 மார்ச்சில் புணே அருகே சிங்ககட் அடிவாரத்தில் 280 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். 2019 மே மாதம் பொள்ளாச்சியை அடுத்த சேத்துமடைத் தோப்பில் 150க்கு மேற்பட்ட மாணவர்கள் பிடிபட்டார்கள். 2024 மே மாதம் எலெக்ட்ரானிக் சிட்டி அருகே பண்ணை வீட்டில் நடந்த சோதனையில் ரத்த மாதிரி தந்த 103 பேரில் 86 பேருக்குப் போதைப்பொருள் இருந்தது தெரியவந்தது. இந்த எண்ணை மழுப்புவது நேர்மையாகாது. பிளாக்பர்னிலும் எக்ஸ்டசி மாத்திரை இருந்தது, அதனால் உயிர்களும் போயின. ஆனால் இந்தச் சான்றை வாசிக்கும்போது அது எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் நடன இரவுகளைப் பற்றி எழுத்தில் நிற்பதில் பெரும்பாலானது முதல் தகவல் அறிக்கை. சோதனை நடந்த இரவுகள் மட்டுமே பதிவாகின்றன. வழக்கில்லாமல் விடிந்த இரவுகளை எந்த ஏட்டிலும் தேட முடியாது. விபத்து வழக்குகளை மட்டும் வைத்துச் சாலையின் வரலாற்றை எழுதினால் எல்லாப் பயணமும் மரணத்தில் முடிந்ததாகத்தான் தோன்றும். இன்னொன்றும் உண்டு. மருத்துவமனையிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, மதிலுக்குள், வெளியாட்களின் கண்ணில் படாமல் ஆடும் இடத்தில் போதை விற்பவனுக்கு வேலை எளிது, மயங்கி விழுந்தவளுக்கு உதவி அரிது. போதைக்கு எதிரான சட்டம் தனியாக இருக்கிறது, அதை அமல்படுத்தட்டும். ஆட்டத்தை ஊருக்கு வெளியே துரத்துவது அந்தச் சட்டத்தின் வேலையைக் கடினமாக்குகிறது என்பது என் கட்சி.

போதையைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது, அது தீ. 2016 டிசம்பர் 2 இரவு, கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் கோஸ்ட் ஷிப் என்று அழைக்கப்பட்ட கோடவுனில் மின்னணு இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். கோடவுனாகக் கட்டியதை வீடாகவும் அரங்காகவும் மாற்றியிருந்தார்கள், முறையான வெளியேறும் வழி இல்லை. ஓராண்டு கழித்து 2017 டிசம்பர் 29 அன்று மும்பை கமலா மில் வளாகத்தின் மொட்டைமாடி உணவகங்களில் பற்றிய தீயில் 14 பேர் இறந்தார்கள். இந்த இரண்டையும் படித்த பிறகு, பூட்டை உடைத்துப் புகுந்த கோடவுனை எவரும் ஏக்கத்தோடு நினைக்க முடியாது. பீன்யாவில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பெயின்ட், தின்னர், பஞ்சு, ஆசிட் தொட்டி என்று ஒவ்வொரு ஷெட்டின் பக்கத்து ஷெட்டிலும் தீக்கு ஏதோ ஒன்று காத்திருக்கிறது. பீன்யாவில் ரேவ் நடந்திருக்க வேண்டும் என்பது என் வாதமாக இருந்தால் இந்த மறுப்பு அதை முறித்துவிடும். நான் சொல்வது வேறு. கமலா மில்லில் இறந்தவர்கள் உரிமம் பெற்ற கடைகளில் இறந்தார்கள். உரிமம் என்ற காகிதம் கட்டாயமாக இருந்தும் வெளியேறும் வழி உறுதியாகவில்லை. 2005 ஆணையை இருபது ஆண்டுகளாக நகரம் எதற்குப் பயன்படுத்தியது என்று பார்த்தால், எத்தனை மணிக்கு ஆட்டம் நின்றது என்று பார்த்த கண்டிப்பு எத்தனை கதவு திறக்கும் என்று பார்ப்பதில் தெரியவில்லை.

விடிய விடிய ஆடுவது நம் ஊர் வழக்கம் இல்லை என்ற பேச்சை நான் அதிகம் மதிக்கவில்லை, ஆனாலும் பதில் சொல்லாமல் விடக்கூடாது. பெங்களூரின் மிகப் பழைய இரவே ஆட்டத்தின் இரவுதான். சித்திரைப் பௌர்ணமியில் திகளரபேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து கிளம்பும் கரகம், வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ, பேட்டை முழுவதும் சுற்றி, காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்று வணங்கி, விடியும்போதுதான் திரும்புகிறது. அதை நடத்தும் திகளர்கள் தமிழ் வேர் கொண்ட வன்னியகுலத்தார், வழிபடுவது நாம் அறிந்த திரௌபதி அம்மனை. ஒரே அடியில் மணிக்கணக்காக ஒலிக்கும் தாளமும் அதில் தன்னை மறந்து ஆடும் உடலும் இந்த நகரத்துக்கு அந்நியம் என்று சொல்ல வழியில்லை. கரகமும் ரேவும் ஒன்று என்றும் நான் சொல்ல மாட்டேன். கரகத்தில் விரதம் உண்டு, தெய்வம் உண்டு, தலைமுறை தலைமுறையாகப் பொறுப்பேற்கும் ஒரு சமூகம் உண்டு. அந்தப் பொறுப்பு இருப்பதால்தான் நகரம் அந்த இரவை நம்பி விட்டுக்கொடுக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் இந்த நம்பிக்கையில் எழுதப்பட்டவையே. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று சொல்லிவிட்டு, பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டுக்கு 15 நாள் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு இடம் தருகின்றன. மூடிய அரங்குகளுக்கு விலக்கும் தருகின்றன. பீன்யாவில் ஆயுத பூஜைக்கு லேத்துக்கு மாலை போட்டு, ராஜ்யோத்சவத்துக்குத் தெருவில் ஆர்கெஸ்ட்ரா வைக்கும் தொழிலாளர்கள் இந்தத் தளர்வுக்குள்தான் ஆடுகிறார்கள். அவர்களுடைய ஆட்டத்துக்கு ஆண்டில் சில மாலைகள் இருக்கின்றன. மின்னணு இசைக்கு நகரத்துக்குள் அப்படி ஒரு மாலையும் இல்லை, அதற்குப் பொறுப்பேற்க ஒரு சங்கமும் வளரவில்லை. வளர்வதற்குத் தேவையான இடம் கிடைத்திருந்தால் வளர்ந்திருக்கும் என்றே நம்புகிறேன். ஐந்தாறு ஆண்டு ஓடிய ஓர் இந்திராநகர் அரங்கைச் சுற்றிக்கூட அதன் அறிகுறிகள் தெரிந்தன.

பீன்யாவின் எல்லையில் காலியான தொழிற்சாலை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஜாலஹள்ளியில் 1953இல் எழுந்த எச்.எம்.டி. கடிகார உற்பத்தியை 2016இல் கைவிட்டது. மெஷின் டூல்ஸ் பிரிவு தொடர்ந்தாலும் வளாகத்தின் பெரும்பகுதி அமைதியாகிவிட்டது. காலி என்ற நிபந்தனை அங்கே நிறைவேறியது, மலிவு என்ற நிபந்தனை நிறைவேறவில்லை. மத்திய அரசு நிறுவனத்தின் பெயரில் இருக்கும், மாநில வனத்துறை தன்னுடையது என்று உரிமை கோரும், நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் அது. 2019இல் ஒரு பகுதி அருங்காட்சியகமானது. இன்னொரு பகுதியில் திரைப்படத்துக்குப் பெரிய அரங்கு போட்டபோது மரங்கள் வெட்டப்பட்டதாக 2024இல் வனத்துறை வழக்குப் பதிந்தது. வாடகை கொடுப்பவருக்கே அந்த இடம் திறக்கிறது. அந்த வளாகம் எப்படிக் காலியானது, காலியான நிலத்துக்கு யார் யார் உரிமை கோரினார்கள் என்பதை அடுத்த பகுதியில் எடுத்துக்கொள்கிறேன்.